பதினான்கு, பதினைந்து, பதினைந்து, முப்பத்தைந்து

அன்று பிற்பகல் எங்கள் கடைக்குள் ஏழு பேர் இருந்தோம். யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்களும் அங்கே இருந்ததாகக் கடைத்தெருவில் இப்போது பலர் கதை சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இல்லை.

நான் இருந்தேன், எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கோணல் தராசை எட்ட நின்றே கண்டுபிடிப்பவன். என் மருமகள் இருந்தாள். கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் அந்தக் கடை அவளுடைய உழைப்பு, கடைப் பலகையில் உள்ளது என் அப்பாவின் பெயர். என் மகன் இருந்தான். கடைக்குச் சரக்கு எடுப்பதும் கல்லாவில் உட்காருவதும் அவன் பொறுப்பு. குற்றம் சாட்டிய ஸ்டூடியோக்காரர் இருந்தார். அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்ட வியாபாரிகள் சங்கச் செயலாளர் இருந்தார். நான் அழைத்து வந்திருந்த துப்பறியும் அம்மையார் இருந்தார். எதற்கும் அவசரப்பட மாட்டார் என்பதால் அவருக்கு நிதானம் என்றே பெயர். அவருடைய உதவியாளன் இருந்தான். அவனுக்கு ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துகொள்வீர்கள்.

எங்களுக்கு நடுவே, மேசைமேல், ஸ்டூடியோக்காரரின் கறுப்பு மெஷின் நின்றது.

விவகாரம் இதுதான். தொழிற்சாலை ஒரு பிராசஸரையும் மெமரியையும் இன்ன வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று கட்டி அனுப்புகிறது. மதர்போர்டின் செட்டிங்ஸில் கைவைத்து, அதற்கு மேலே ஓட வைப்பதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். ஏற்றிவிடுவது யாராலும் ஆகும். ஏற்றியது தடுமாறாமல் நின்று ஓட வேண்டும், அதுதான் வேலை. அந்த வேலைக்காகத்தான் என் மருமகளைத் தேடி வருவார்கள்.

ஸ்டூடியோக்காரர் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் எடுப்பவர். என் மருமகள் அமைத்துக் கொடுத்த மெஷினில் அவருடைய படம் பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரத்தில், காட்சிகளெல்லாம் கோடு விழுந்து கிழிந்து போயின. யானைக்குத் தும்பிக்கை ஒரு பக்கமும் முகம் இன்னொரு பக்கமுமாகக் கிடந்தது. மெமரி தப்புத் தப்பாக எழுதியிருக்கிறது. "அந்தப் பொம்பள மெஷினக் கண்டபடி முறுக்கி விட்டுட்டா" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சங்கம் எங்களை ஒரு வார்த்தை கேட்காமலே முடிவெடுத்தது. அன்று மாலைக் கூட்டத்தில் என் மருமகள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கடை சங்கத்திலிருந்து நீக்கப்படும், பலகை இறங்கும்.

எங்கள் குடும்பத்திலும் தலை குனிந்தவர்கள் உண்டு. வீட்டு நிலைக்கதவு உயரம் குறைவு. வேறு காரணத்துக்காக யாரும் குனிந்ததில்லை.

"ஒரு வார்த்ததானே கேக்கறாங்க," என்றான் என் மகன். நாலைந்து நாளாக அவன் பாட்டு இதுதான். "சாரின்னு சொல்லிட்டு உக்காந்துடு. அர நிமிஷம்."

"தப்புப் பண்ணியிருந்தா அர நிமிஷம் போதும்," என்றாள் மருமகள். "பண்ணலைன்னா ஆயுசு முழுக்க நின்னாலும் வாயில வராது."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. இவ்வளவு பிடிவாதம் ஆகாது."

"பிடிவாதம் எங்க குடும்பச் சொத்து," என்றேன். "அதுல அவளுக்கும் பங்கு உண்டு."

"பத்திரம் பதிவு பண்ணியாச்சுங்களா ஐயா?" என்றான் ரேடியோ.

நிதானம் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஒரு நாற்காலியை மெஷினுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடும் வேலையில் இருந்தவர். எரிந்த கிடங்கைப் பார்த்து, எந்தச் சரக்கு முதல் நாளே வெளியேறிவிட்டது என்று சொல்லக்கூடியவர்.

"ஆன் பண்ணுங்க," என்றார்.

மருமகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் இறக்கையை விரித்த பறவை ஒன்று வந்தது. போர்டு தயாரித்த கம்பெனியின் சின்னம்.

"இந்தப் படம் வரக்கூடாதே!" என்றாள் மருமகள்.

"ஏன், பறவை கெட்ட சகுனமா?" என்றான் ரேடியோ.

"நான் கட்டிக் குடுக்கற எந்த மெஷின்லயும் இது வராது. படம் வந்து நின்னா, அதுக்குப் பின்னாடி போர்டு சொல்ற சேதி தெரியாமப் போயிடும். முதல் வேலையா இத நிறுத்திட்டுத்தான் மத்தது."

ஸ்டூடியோக்காரர் கையை வீசினார். "எப்பவும் வர்றதுதான். வாங்கின நாள்லேருந்து இந்தப் பறவையத்தான் பாக்கறேன்."

"தெனமும் பாத்தும் ஒரு தடவகூட அதுக்குத் தானியம் போடலையா சார்?"

"மேடம், உங்க ஆள வாய மூடச் சொல்லுங்க."

"அவன் வாய மூடினா எனக்குக் காது கேக்காது," என்றார் நிதானம். பிறகு மருமகளிடம், "நீங்க நிறுத்தினது தானா திரும்பி வருமா?"

"வராது. போர்டு எல்லாத்தையும் மறந்தாத்தான் வரும். இது பழைய மாடல். உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கரண்டையும் எடுத்துட்டு அதையும் கழட்டினா, நான் சொல்லி வெச்சதெல்லாம் அழிஞ்சு, பெட்டியிலேருந்து எடுத்த அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிடும்."

நிதானம் கண்ணால் சொன்னார்; ரேடியோ மெஷினை நிறுத்திப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே ஸ்டூடியோவின் தூசி முழுவதும் குடியேறியிருந்தது. விசிறியின் இதழ்களில், ஒயர்களின் மேல், மெமரிப் பட்டைகளின் முதுகில், எல்லா இடத்திலும் சாம்பல் நிறம். காசு போன்ற அந்தப் பேட்டரி மட்டும் கண்ணாடிபோல மினுங்கியது.

"எல்லாரும் அழுக்கா இருக்காங்க," என்றான் ரேடியோ. "இவரு மட்டும் மூஞ்சி கழுவிட்டு வந்திருக்காரு."

ஸ்டூடியோக்காரர் கைக்குட்டையை எடுத்தார். அதைக் கவனித்தேன். என் மகனும் கைக்குட்டையை எடுத்தான். அதையும் கவனித்தேன், புழுக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

"பேட்டரியக் கழட்டினா என்ன இப்போ?" என்றார் ஸ்டூடியோக்காரர். "உள்ள இருக்கற செட்டிங்ஸப் பாருங்க. இவங்க போட்ட அதே எண்ணு இருக்கா இல்லையா, அதச் சொல்லச் சொல்லுங்க."

மெஷினை மறுபடி எழுப்பி, மருமகள் செட்டிங்ஸ் திரைக்குள் நுழைந்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெமரி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ய வேண்டும் என்பதை நான்கு எண்களால் கட்டிவைக்கிறார்கள். எண்கள் குறையக் குறைய வேகம் கூடும். தப்பு வரும் ஆபத்தும் கூடும். அந்த நான்கு எண்களும் திரையில் வந்தன. பதினான்கு, பதினைந்து, பதினைந்து, முப்பத்தைந்து.

மருமகளின் கை விசைப்பலகையை விட்டு எழுந்து அப்படியே நின்றது.

"இது உங்க எண்ணா?" என்றார் நிதானம்.

"என்னோடதுதான்."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்புறம் என்ன? விஷயம் முடிஞ்சுது. வாங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு."

என் முதுகு அன்று வளையவில்லை. ஆனால் அந்த ஒரு கணம் அதற்கு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், திரையை மாற்றியிருக்கலாம், யாருக்கும் புரிந்திருக்காது. அவள் செய்யவில்லை. என் வீட்டுப் பெண் அவள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் முடியல," என்றாள் மருமகள். "இது முதல் நாள் நான் போட்டுப் பாத்த எண்ணு. மறுநாள் சோதனைல கொஞ்ச நேரத்துலயே தப்பு வந்துடுச்சு. அப்பவே தளர்த்தி, பதினாறு, பத்தொம்பது, பத்தொம்பது, முப்பத்தொம்பதுன்னு வெச்சுத்தான் குடுத்தேன். இது நான் வேணாம்னு தூக்கிப் போட்ட எண்ணு."

"தூக்கிப் போட்ட எண்ணு நடந்து வந்து மெஷின்ல ஏறிக்குச்சாம்," என்றார் ஸ்டூடியோக்காரர். "கேக்கறவன் கேனையா இருந்தா..."

"நீங்க கேக்காதீங்க, பாருங்க," என்றார் நிதானம். "அம்மா, நீங்க மெஷினச் சோதிக்கற மாதிரி இத இப்போ சோதிங்க. அதே மாதிரி. ஒண்ணும் குறையக் கூடாது."

என் மருமகள் சோதிக்கும் விதம் இந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. மற்ற கடைகளில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட விடுவார்கள். இவள் ஷட்டரை இறக்குவாள். மின்விசிறியை நிறுத்துவாள். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் மெமரிச் சோதனையைத் தொடங்குவாள். "நல்ல நாள்ல எல்லா மெஷினும் ஓடும் மாமா, கெட்ட நாள்ல ஓடணும்" என்பாள். அது எனக்குப் பிடித்த பேச்சு. தராசை நாங்களும் அப்படித்தான் சோதிப்போம். எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்து அல்ல, ஓரத்தில் வைத்து. அதில் தேறினாலும் அவளுக்குப் போதாது. எந்த எண்ணில் தேறியதோ அதிலிருந்து இன்னும் ஒரு படி தளர்த்தி, மறுபடி சோதித்துத்தான் ஆளிடம் ஒப்படைப்பாள்.

ரேடியோ ஷட்டரை இறக்கினான். கடை அடுப்பாயிற்று. செயலாளர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் ரேடியோ ஸ்டூடியோக்காரரிடம். "மெஷின வாங்கின அன்னிக்கும் இதே மாதிரி வேக வெச்சாங்களா?"

"அத ஏன் கேக்கறீங்க! மத்தியானம் பூரா இதே ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டாங்க. சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி. ஆள விடுங்கன்னு கெஞ்சினேன். 'நீங்க பாக்காம நான் குடுக்க மாட்டேன்'னு சொல்லிட்டாங்க."

"அப்போ சோதனைல தப்பு எதுவும் வரல?"

"வரல. வந்தா வாங்கியிருப்பேனா?"

"நீங்க கிளம்பினப்புறம் மெஷின் இங்கயே இருந்துச்சா?" என்று கேட்டார் நிதானம். "இவங்க தனியா ஏதாவது மாத்தியிருக்க முடியுமா?"

"எங்க! சோதனை முடிஞ்ச சூட்டோட நானே தூக்கி மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். தொடை ரெண்டும் வெந்து..."

அவர் வாய் பாதியில் நின்றது. திரையில் சிவப்பு எழுத்து ஒன்று வந்தது. அதன் கீழ் இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோலச் சிவப்பு இறங்கியது. அவருடைய ஸ்டூல் அப்போதுதான் சூடாக ஆரம்பித்திருந்தது.

"ஒரு மத்தியானம் முழுக்க ஓடின மெஷின்," என்றார் நிதானம். "இந்த எண்ணுல டீ குடிக்கற நேரம்கூடத் தாங்கல. அப்போ நீங்க மடியில வெச்சுக்கிட்டுப் போனப்ப உள்ள இருந்தது இந்த எண்ணு இல்ல. நீங்கதான் சாட்சி. உங்க தொடையும்."

செயலாளர் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டார். ஷட்டரைத் தூக்கச் சொன்னார் நிதானம். வெளிச்சம் உள்ளே வந்தபோது ஸ்டூடியோக்காரர் முகம் வேறு ஆளின் முகமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவ," என்றார். "படம் முடிக்கற அவசரம். பிராசஸர இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்னன்னு நானே கை வெச்சேன். திரை கறுப்பாயிடுச்சு. எழுந்திருக்கவே இல்ல. இவங்க என்கிட்ட, 'இதுல மட்டும் கை வைக்காதீங்க'ன்னு ஒரு தடவைக்கு மூணு தடவ சொல்லியிருந்தாங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இவங்களக் கூப்பிடறது? அதனால வேற... ஒருத்தர் வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. 'இது அவங்க போட்ட அதே எண்ணுதான்'னு சொன்னாரு. ஏசி ரூம்ல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஏசி ரிப்பேராச்சு, படமும் கிழிஞ்சுது. அப்போ தப்பு எண்ணுல, அதாவது இவங்ககிட்டன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"யாரு அந்த ஒருத்தர்?" என்றார் செயலாளர்.

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"தெரு பூரா பேசற வாய்க்கு வாக்கு வேற," என்றான் ரேடியோ.

நிதானம் அவரை விட்டுவிட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, மெமரிக்கு இந்த நாலு எண்ணு மட்டும் போதுமா?"

மருமகள் குனிந்து பார்த்தாள். புருவம் சுருங்கியது. "போதாது. அதுக்கு வேண்டிய வோல்டேஜையும் கையாலதான் வைக்கணும். இங்க அது போர்டு இஷ்டத்துக்கு விட்டிருக்கு. எண்ணு என்னோடது, வோல்டேஜ் யாரோடதும் இல்ல. நான் முதல் நாள் போட்டுப் பாத்தப்பகூட இப்படி விடல."

"அப்போ இதப் போட்ட ஆளு உங்க திரையக் கண்ணால பாத்ததில்ல. பாத்திருந்தா வோல்டேஜும் தெரிஞ்சிருக்கும். காதால கேட்டத மட்டும் போட்டிருக்காரு." நிதானம் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். "அதுவும் முதல் நாள் எண்ணக் கேட்டிருக்காரு. மறுநாள் நீங்க அதத் தூக்கிப் போட்டதக் கேக்கல. இந்த எண்ண நீங்க யார்கிட்டயாவது வாயால சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலையே. கடைல நான் பேசவே மாட்டேன். வீட்ல..." அவள் நிறுத்தினாள். "சாப்பிடறப்ப சொல்வேன். அன்னன்னிக்குப் போட்ட எண்ண, அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசைல சொல்வேன். அது ஒரு பழக்கம்."

அது எங்கள் வீட்டுப் பழக்கம்தான். மற்ற வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் டம்ளருக்கும் தட்டுக்கும் நடுவே மருமகளின் எண்கள் விழுந்துகொண்டிருக்கும். வோல்டேஜ் முதலிய நுணுக்கங்களைச் சொல்ல மாட்டாள். எண்களை மட்டும், பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ராகமாகச் சொல்வாள். எனக்கே பல மெஷின்களின் எண்கள் மனப்பாடம்.

நிதானம் என்னைப் பார்த்தார். "ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் சாப்பாட்டுல யார் யார் இருந்தீங்க? மறுநாள் யார் யார்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில், மூன்று நாற்காலிகளும் என் கண்முன் வந்து நின்றன. முதல் நாள் இரவில் அவள் முகம் மலர்ந்து, "பதினாலு, பதினஞ்சு, பதினஞ்சு, முப்பத்தஞ்சு மாமா, பிடிச்சுட்டா பெரிய விஷயம்" என்றது. மறுநாள் இரவில், "தளர்த்திட்டேன் மாமா, பேராசைப் பட்டுட்டேன்" என்று சிரித்தது. அப்போது எனக்கு எதிரே இருந்த நாற்காலி.

செயலாளர் தொண்டையைச் செருமினார். அவர் மூடர் அல்ல. "அம்மா, இதுக்கு மேல போனா அது இவங்க வீட்டு விஷயம். மருமக மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சாச்சு. நடுவுல யாரோ ஒருத்தர் கை பட்டிருக்குன்னு சங்கத்துல சொல்லி முடிச்சுக்கலாம். பெரியவர் மரியாதையும் நமக்கு முக்கியம் இல்லையா?"

எனக்காக வீசிய கயிறு அது. நல்ல எண்ணத்தோடு வீசியதுதான். பிடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் இருந்தது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். 'யாரோ' என்று சங்கம் சொல்லும். 'யாரோவாம், அவளேதான் இருக்கும்' என்று தெரு சொல்லும். என் மகனுடைய பெயரை மூடுவதற்கு என் மருமகளின் பெயரைப் போர்வையாகப் போட வேண்டும். என் அப்பாவின் பெயரை அந்தப் பலகையில் எழுதியது அதற்காக அல்ல.

நான் எழுந்து நின்றேன்.

"யாரோங்கற ஆள் எங்க வீட்டுல கிடையாது," என்றேன். "முதல் நாள் நாங்க மூணு பேர் சாப்பிட்டோம். மறுநாள் நானும் இவளும் மட்டும்தான். எதிர் நாற்காலி காலி. என் மகன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள மெஷின் போயாச்சு."

எல்லாரும் என் மகன் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா..." என்றான் மகன்.

"உக்காந்துக்கிட்டுச் சொல்லாத. எந்திரிச்சு நின்னு சொல்லு."

எழுந்து நின்றான். என்னளவு உயரம் அவன். அன்று குறைவாகத் தெரிந்தான்.

"இவர் எனக்குப் போன் பண்ணினாரு. அவளுக்குத் தெரிய வேணாம்னு கெஞ்சினாரு. போனேன். பேட்டரியக் கழட்டித் துடைச்சு மாட்டினேன், அந்த அளவு எனக்கும் தெரியும். அப்புறம் அவ சொன்ன எண்ணத்தான் போட்டேன்பா. நானா ஒண்ணும் போடல. அவ போட்டதையே திருப்பி வெச்சிருக்கேன்னுதான் நெனச்சேன்."

மருமகள் அவனை நேராகப் பார்த்தாள். "அப்போ படம் கிழிஞ்சது என் எண்ணாலன்னு நெனச்சீங்க."

அவன் கல்லாப் பக்கம் பார்த்தான்.

"அதனாலதான் இத்தன நாளா என்னைச் சாரி சொல்லச் சொன்னீங்க."

தலையாட்டினான்.

"'எண்ணு என்ன'ன்னு ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே!"

"போன் பண்ணினா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடுமே. கல்லால உக்காந்திருக்கறவன்னுதான் எல்லாரும் என்னப் பாக்கறாங்க. ஒரு தடவையாவது, நானும் இந்தக் கடைக்காரன்னு..."

"கல்லால உக்கார்றவரும் கடைக்காரர்தான்," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கேக்கத் தெரியாதவர்தான் கடைக்காரர் இல்ல."

ரேடியோ வாயைத் திறந்து, எங்கள் முகங்களைப் பார்த்து, மூடிக்கொண்டான். அவன் மூடியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஸ்டூடியோக்காரர் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். "அம்மா, தப்பு என்மேல. தெருவுல சொன்னத தெருவுலயே திருப்பிச் சொல்றேன். இந்த மெஷின..."

"சரி பண்ணித் தர்றேன்," என்றாள் மருமகள். "ஆனா இந்தத் தடவையும் பக்கத்துல உக்காந்து வேர்க்கணும்."

"வேர்க்கறேன்மா."

"அவரு ஏற்கனவே நனைஞ்சுதான் இருக்காரு, ஒரே சட்டைல ரெண்டு வேலையும் முடிஞ்சுடும்," என்றான் ரேடியோ. மூச்சு வந்துவிட்டது அவனுக்கு.

அவள் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள். நான்கு எண்களையும் அடித்தாள். பதினாறு, பத்தொன்பது, பத்தொன்பது, முப்பத்தொன்பது. வோல்டேஜைக் கையால் வைத்தாள். பறவைப் படத்தை நிறுத்தினாள். பிறகு என் மகனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னான். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருப்பாங்க. நீங்க வரலையாம்மா? உங்களுக்கு நல்ல பேரு சொல்லப் போறோம், இருந்து கேக்க வேணாமா?"

"மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப நான் எழுந்து வர மாட்டேன்," என்றாள். "என் பேரு நல்ல பேராத்தான் இருந்துச்சு. நீங்க எடுத்தீங்க, எடுத்த இடத்துல வெச்சுட்டுப் போங்க."

"அப்போ நான் இவங்க சோதனை முடியற வரைக்கும் இங்கயே..." என்று ஸ்டூடியோக்காரர் ஸ்டூலை நோக்கி நகர்ந்தார்.

"முதல்ல சங்கம்," என்றார் நிதானம். "அப்புறம் ஸ்டூல்." பிறகு என்னிடம் தணிந்த குரலில், "ஐயா, அந்த நாற்காலியப் பத்தி நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா என்னால நிரூபிச்சிருக்க முடியாது," என்றார்.

"தெரிஞ்சும் ஏன் என்னக் கேட்டீங்க?"

"கோணலத் தராசுக்காரன் வாயாலயே கேக்கணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

அப்படி நான் சொல்வது உண்மைதான். என் மகனின் தோளில் கைவைத்தேன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது, அடியில் குனிய வேண்டியிருந்தது. அவனைக் குனிய விடாமல், ரேடியோவிடம் சொல்லி முழுக்கத் தூக்க வைத்தேன். நிமிர்ந்தே நடந்து போனோம். தெருவின் இரண்டு பக்கமும் கடைவாசல்களில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்தேன். எங்களுக்குப் பின்னால் அவள் ஷட்டரை மறுபடி இறக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சங்கக் கூடத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஸ்டூடியோக்காரர் எழுந்து, தெருவில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்து என் மகன் எழுந்தான். யார் எண்ணை யார் தப்பாகப் போட்டது, யார் மௌனமாக இருந்தது, யார் அதற்காகத் தெருவில் பேச்சு வாங்கினாள் என்று பெயர் சொல்லியே சொன்னான். கூடத்தில் சலசலப்பு எழுந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன், அடங்கியது.

எங்கள் வீட்டு மருமகள் கடைசியில் சங்கத்துக்கு வந்து, கை கூப்பி மன்னிப்புக் கேட்டுத்தான் கடையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அவள் அன்று சங்கத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டவன் என் மகன். கேட்க வைத்தவன் நான்.